கிணற்றுக்குள் இறங்கிய லாஞ்சு எஞ்சின்

எஞ்சின் ஓடினால் வாங்கிய முதலாளி கெட்டிக்காரர், நின்றால் பூட்டிய பிட்டர் மடையன் என்பது ஸ்பானரும் கையுமாக அலையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு ராஜபாளையத்து மில்லில் இரவு ஷிப்ட். தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. எழுந்து கிணறு கிணறாக எஞ்சின் பூட்டப் போய்விடுவேன்.

எஞ்சினோடு வந்தவர்

உலகச் சண்டைக் காலம், கப்பலில் புது எஞ்சின் வர வழியில்லை. மம்சாபுரத்து அண்ணாச்சி ஒருவர், மிளகாய்ச் செடி வாடுகிற அவசரத்தில், தூத்துக்குடியில் பழசாகி உடைத்த லாஞ்சு என்கிற மோட்டார் படகு ஒன்றின் எஞ்சினை வாங்கி வந்தார். அதைக் கடலில் ஓட்டிய டிரைவர் மாசிலாமணியும் கூடவே வந்தார். லாஞ்சு போன பிறகு அவருக்கும் வேறு போக்கில்லை.

கிணற்றின் பாதி ஆழத்தில் இரண்டு உத்தரம் குறுக்கே போட்டு, பலகை அடித்து, எஞ்சினையும் பம்பையும் எதிரெதிரே உட்கார வைத்தோம். இரண்டின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவை சேரும் கப்ளிங்கின் இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டு, சுற்றிலும் ஒரே அளவா என்று பார்ப்போம். பிசகினால் கப்ளிங்கைப் பிணைக்கும் போல்ட் அறுந்துவிடும். நான் தகட்டை எடுத்ததும் மாசிலாமணி சொன்னார்: "கரையில வச்சு அளந்தா கடல்ல ஒடிஞ்சிரும், அண்ணே. லாஞ்ச மிதக்க விட்டு, ஓடும்போது என்ன பாரமோ அதுலதான் அளக்கணும்."

நல்ல நேரம்

அளக்கும் முன்பே அண்ணாச்சி வீட்டார் ஏழு பேர் சூடமும் தேங்காயுமாக இறங்கி வந்து பலகை மேல் நின்றார்கள். மேலே போகச் சொன்னேன். "நேரம் முடியப் போவுது பிட்டரே, நாங்க இங்கனயே நிக்கோம், நீரு முடுக்கும்" என்றார் அண்ணாச்சி. ஏழு பேர் பாரத்தில் உத்தரம் தழைந்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. தழைந்த உத்தரத்துக்கே அளந்தேன்; தகடு சுற்றிலும் ஒன்றுபோல் நுழைந்தது; போல்டை முடுக்கினேன்.

எஞ்சின் அருமையாக ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பார்க்க ஏழு பேரும் மேலே ஏறினார்கள். பாரம் இறங்கி உத்தரம் நிமிர்ந்ததும் சத்தம் மாறியது. "செத்த நேரம் நிறுத்திப் பாப்பமா?" என்று மாசிலாமணி என்னைப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாச்சென்று நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து அண்ணாச்சிதான் பதில் சொன்னார்: "நல்ல நேரத்துல ஓடுனத நிறுத்தவா? ஏலே, வாயக் கழுவு!"

நாலாம் நாள்

போல்ட் அறுந்து, துண்டு மாசிலாமணியின் வலது கண்ணில் பாய்ந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணையே எடுத்துவிட்டார்கள். வசவு வாங்கத் தயாராக அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். காப்பி கொடுத்தார். அவரே என் தோளைத் தட்டினார்: "நீரு என்ன செய்வீரு பிட்டரே, ஜோசியன் நேரத்தத் தப்பாக் குறிச்சுட்டான்."

ஆளில்லாத கிணறு

மறுபடி அளந்தபோது கிணற்றுக்குள் நான் மட்டும். ஏழு பேர் நின்றபோது சுற்றிலும் ஒன்றுபோல் நுழைந்த தகடு, இப்போது கப்ளிங்கின் மேல்பக்கம் தாராளமாக நுழைந்தது. கீழ்ப்பக்கம் நுழையவே இல்லை. சரிசெய்து மேலே வந்தேன். கண்கட்டோடு மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண்ணோடு போனால் தூத்துக்குடியில் இனி யாரும் லாஞ்சை நம்பித் தர மாட்டார்கள். இந்த எஞ்சினை விட்டால் அவருக்குப் பிழைப்பில்லை.

சத்தம் எனக்கும் கேட்டது, நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கடல்ல நா நிறுத்துன்னா லாஞ்சு நிக்கும், அண்ணே," என்றார். "இங்கன கரையில நா ஆரு, சொல்லுங்க?"

அதற்குப் பிறகு நான் பூட்டிய எஞ்சின்களெல்லாம் ராகு காலத்தில்தான் ஓடத் தொடங்கின. வேடிக்கை பார்க்க ஒருவரும் இறங்கி வராத நேரம் அது ஒன்றுதான்.