களையும் பச்சைதான்

எங்கள் தெருவில் அவளை ஜி.பி.எஸ். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். செல்போனைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வயலைச் சுற்றி நடப்பது அவள் வேலை. சுற்றி முடித்தால் வயலின் படம் கடன் கொடுக்கும் கம்பெனிக்குப் போய்விடும். அதை வைத்து விதைக்கடன், பயிர்க் காப்பீடு எல்லாம் அந்தப் போனிலேயே வரும். சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் வந்தது.

தயங்கி நின்ற சொந்த அண்ணனைத்தான் முதலில் கையைப் பிடித்து இழுத்து இதில் சேர்த்தாள். கடன் வாங்கி அவர் விதைத்த சோளம் இந்த வருஷம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. உழுதுவிட்டு வேறு விதைக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். டிராக்டரோடு போனேன். அவள் குறுக்கே ஓடி வந்தாள்.

"தொடாதண்ணா! மேலருந்து சாட்டிலைட் படம் எடுக்கும். காஞ்சது காஞ்சபடி இருந்தாத்தான் காப்பீடு வரும்."

தங்கை சொல்லைத் தட்டத் தெரியாத மனுஷன். என்னைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் வந்தது பாருங்கள், காலங்கெட்ட மழை. சோளம் செத்த இடத்தில் களை இடுப்பளவு எழுந்தது. அதற்குப் பிறகுதான் படம் எடுத்தார்கள்.

"வயல் பச்சையாத்தானே இருக்கு மேடம்?" என்றாள், காப்பீடு கேட்டு அவள் போன் போட்டபோது எங்கோ தூரத்து ஊரிலிருந்து பேசிய கம்பெனிப் பெண்.

"அது களைம்மா! மாட்டைக் கேட்டாக்கூட சொல்லும்!"

"சிஸ்டம் பச்சைன்னுதான் மேடம் காட்டுது."

மாட்டைக் கேட்டுக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி எங்கே இருக்கிறது? கடன் கழுத்தை நெரித்தது. அண்ணன் வயலை விற்றார்.

வாங்கியவரும் அதே கம்பெனியிடம் கடன் கேட்டார். வயலைச் சுற்ற அவளையே அனுப்பினார்கள். புதியவருக்கு எல்லை தெரியாது. காட்ட அண்ணன்தான் வந்தார். உழுவதற்கு வந்த நான் வரப்பில் நின்றிருந்தேன்.

அண்ணன் அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். களையை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கண்ணீரில் போன் திரை தெரியாமல் அவள் பின்னால் போனாள். மூலைக்கு வந்ததும் நின்று, அவளுக்குக் கையை நீட்டினார்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கும்மா. களை மூடியிருக்கு, உனக்குத் தெரியாது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு வா."

அந்தக் கையைப் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். 'தொடர்ந்து நடக்கவும்' என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது.