மேல்மாடிக்கு ஏறாத தண்ணீர்

உள்ளறையில் புஸ் புஸ்ஸென்று காற்றடிக்கும் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டதும் சமையலறையில் நின்றவள் அடுப்பை அணைத்தாள். பிரஷர் பார்க்க இத்தனை தடவையா?

ஐந்து மாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர் ஏற்றுவது அவள் புருஷனின் வேலை. தெருவில் 'மோட்டார்' என்றால்தான் அவரைத் தெரியும். மனைவிக்கு உடம்பு சுட்டால் கவனிக்க மாட்டார். மோட்டார் சுட்டால் துடித்துப் போவார். இன்று காலை எழுந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்துவிட்டார். பதறியடித்துப் பக்கத்து வீட்டு நர்ஸைக் கூட்டி வந்திருந்தாள்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

"இருநூறைத் தொடுது. அண்ணே, மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"என் கையாலதானே தினமும் குடுக்கிறேன்!" என்றாள் மனைவி.

மோட்டார் தலையைக் குனிந்தார். "கன்னத்துல ஒதுக்கி வச்சு, வெளிய போய்த் துப்பிடுவேன்."

"பாவி மனுஷா! என்னை நடுத்தெருவுல விடப் பாத்தீங்களே!"

"கத்தாதடி. பிரஷரைக் குறைச்சா மேல்மாடிக்குத் தண்ணி ஏறுமா? மாத்திரை போட்ட மொத நாளே கிறுகிறுன்னு வந்துச்சு. தலைக்கு ரத்தம் ஏறலைன்னு பயந்துட்டேன்."

"உங்க மேல்மாடிதான் எப்பவோ காலியாச்சே!" அழுதுகொண்டே திட்டினாள்.

நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வால்வைப் பாதி மூடிட்டு மோட்டாரை ஓட்டினா என்னண்ணே ஆகும்?"

"பிரஷர் மீட்டர் முள்ளு எகிறும். ஆனா மேல தண்ணி ஒழுங்கா வராது. மோட்டார் முக்கும். விடாம ஓட்டினா கருகிடும்."

"உங்க ரத்தக்குழாய் அப்படித்தான் இறுகிக் கிடக்கு. முள்ளு ஏறினதால ரத்தம் கூடுதலா ஓடிடல. வழக்கமா ஓடுற ரத்தத்தைத் தள்ளவே இதயம் முக்குது. மாத்திரை மோட்டாரை நிறுத்தல, குழாயைத் தளர்த்துது. தடை குறைஞ்சா குறைஞ்ச பிரஷர்லயே தலைக்கு ரத்தம் போய்ச் சேரும். கிறுகிறுப்பைச் சொல்லியிருந்தா டாக்டர் அளவை மாத்தியிருப்பாரே!"

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பாதி மூடிய வால்வோடு ஒரு மோட்டாரை ஒரு நாழிகை ஓட விட்டிருப்பாரா? இதை மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்! வாழ்நாளில் முதல்முறையாக அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தாள் அவள்.

"கருகிப் போயிருக்குமா?" குழந்தைபோலக் கேட்டார்.

"அதை டாக்டர்தான் சொல்லணும். விட்ட மாத்திரையை எல்லாம் சேத்து முழுங்கிடாதீங்க. அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் வண்டி பிடிக்கிறேன்."

அவர் மனைவியின் கையை இறுகப் பற்றினார். "சத்தம் சரியா இருக்கான்னு கேளேன்டி..."

மோட்டாரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள் அவர் மார்பில் காதை அழுத்தி வைத்தாள். அடித்துக்கொள்வது அவர் நெஞ்சா, தன் நெஞ்சா என்று அவளுக்குப் புரியவில்லை.

நர்ஸ் வாசலுக்கு ஓடினாள். அவள் போன வேகத்தில் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.