கோழிக்கும் எனக்கும் ஒரே கட்டு

ரயில்வே விளக்குக்காரன் வேலை என்பது ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏணி ஏறி இரண்டு தடவை இறங்குவது. ஏறுவதற்கு எல்லோரும் யோசனை சொல்வார்கள், இறங்குவதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் யார்டில் என் பொறுப்பில் பதினொரு கைகாட்டிகள். காலையில் ஏறி விளக்கை இறக்கி, புகை பிடித்த கண்ணாடியைத் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, சாயங்காலம் மறுபடி மேலே கொண்டுபோய் மாட்ட வேண்டும். ஒன்பது வருஷம் அப்படி ஏறி இறங்கியவன், ஒரு நாள் இறங்காமல் விழுந்தேன். காலை உடைத்துக்கொண்டு படுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எட்டாவது படி

மழை விட்ட சாயங்காலம். கிள்ளான் பாதைக் கைகாட்டியில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏணியின் எட்டாவது படியில் எண்ணெய் சிந்திக் கிடந்தது. சிந்தியவன் வேறு யாருமில்லை, அன்று காலையில் நானேதான்.

சரளைக்கல்லில் கிடந்து பார்த்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. விளக்கை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். முதலில் ஓடி வந்தவன் யார்டு போர்ட்டர் மரியதாஸ், என் கூட்டாளி. விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னான்: "பயப்படாதீங்கண்ணே, கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல."

மேருவில் ஒரு கோழி

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே காலை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ என் மனைவி செல்லம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "யாரும் எடுக்கறதா சொல்லலியே" என்றேன். "எடுக்க மாட்டோம்னும் சொல்லலியே" என்றாள். அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டோம். மரியதாஸும் இரண்டு பேரும் என்னை ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் படுக்கவைத்துக் கிள்ளானுக்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் மேருவுக்கும் கொண்டுபோனார்கள். மேருவில் ஒரு மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், எலும்பு கட்டும் பெரியவர் தோக் மாட் இருந்தார்.

அவர் ஒரு கோழி கொண்டுவரச் சொன்னார். வாலில் கறுப்பு இறகு கொண்ட செவலைப் பெட்டை கிடைத்தது. என் காலை இழுத்து நேராக்கி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். பிறகு கோழியின் வலது காலையும் ஒடித்து, அதே மாதிரி சின்னப் பத்தைகள் வைத்துக் கட்டி, செல்லம்மா கையில் கொடுத்தார். அந்தப் பக்கத்து வைத்தியத்தில் அப்படி ஒரு வழக்கம். எனக்கு வலியோடு கோழியின் மேல் பரிதாபமும் சேர்ந்துகொண்டது. அது செத்துப்போனால் என் கால் என்னாகும் என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கப் பயமாக இருந்தது. கோழி நடக்கிற அன்று நானும் நடப்பேன் என்பதை அவர் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சில், ஒரே வரியில் சொல்லி முடித்தார்: "ஆயாம் ஜாலான், லூ பூன் ஜாலான்."

மூன்று மாதக் கெடு

அடுத்த வாரம் யார்டு ஆபீஸ் குமாஸ்தா, நாங்கள் கிராணி என்போம், வீட்டுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் துரை மூன்று மாதம் கொடுத்திருக்கிறார், அதற்குள் கைகாட்டி ஏணியில் ஏறிக் காட்ட வேண்டும் என்றார். ஏறாவிட்டால் வேலை போகும். வேலை போனால் ரயில்வே லைனில் இருக்கும் இந்த வீடும் போகும். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதுவரை என் விளக்குகளையும் மரியதாஸே பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

கிராணி கெட்டவரில்லை. எனக்காகத் துரையிடம் பேசியவரே அவர்தான். ஆனால் போகும்போது ஜன்னலையும் கூரையையும் ஒரு நோட்டம் விட்டார். "நல்ல காத்தோட்டமான வீடுலா. எங்க மச்சான் ரொம்ப நாளா இந்த லைன்ல கேட்டுக்கிட்டு இருக்கான்."

பார்க்க வந்தவர்கள்

கால் உடைந்தவன் எங்கும் ஓடிவிட முடியாது என்பது பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆளுக்கொரு கால் கதை கொண்டுவருவார்கள். எந்தக் கதையிலும் கால் நேராகச் சேர்ந்ததாக நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மா அக்கா பண்டமாரானில் ஒருத்தர் கதையைச் சொன்னார். இதே மாதிரி விழுந்தாராம், இதே கால்தானாம், கட்டை அவிழ்த்துப் பார்த்தால் கால் வளைந்து நின்றதாம், அந்தக் கவலையிலேயே மனுஷன் போய்ச் சேர்ந்தாராம். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "உங்களுக்கு அப்படியெல்லாம் ஆகாதுங்க. அவரு ரொம்ப நல்ல மனுசன்."

கோழி முந்திக்கொண்டது

கோழி அடுப்படிக்குப் பின்னால் கூடைக்குள் இருந்தது. நான் கட்டிலில் படுத்தபடி அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். அது கொக்கரித்தால் எனக்குச் சோறு இறங்கும். இரண்டாவது வாரத்தில் இரண்டு நாள் சத்தமே இல்லை. கால் போயிற்று, வேலை போயிற்று, வீடு போயிற்று என்று வரிசையாக எண்ணிக்கொண்டு கிடந்தேன். "மழைக்கு அடங்கிக் கெடக்கு" என்றாள் செல்லம்மா. மூன்றாம் நாள் முன்னைவிடப் பலமாகக் கொக்கரித்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எட்டாவது வாரம் அவள் கோழியை என் முன்னால் கொண்டுவந்து விட்டுக் கட்டை அவிழ்த்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. எனக்குக் கஞ்சி, அதற்கு அரிசியா என்று உள்ளுக்குள் ஒரு பொறாமை. கோழி மூன்று அடி நொண்டியது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிவிட்டது. என் கட்டையும் அவளே அவிழ்த்து, தடியைக் கையில் கொடுத்தாள். நான் இன்னும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அதுக்கும் ஒங்களுக்கும் ஒரே நாள்லதான் கட்டுப் போட்டாங்க. வெக்கமா இல்ல?" எழுந்து நின்றேன்.

துரைக்கு முன்னால்

கெடு முடிகிற அன்று இன்ஸ்பெக்டர் துரை, கிராணி, மரியதாஸ் மூவரும் கீழே நிற்க, விளக்கோடு ஏறினேன். அதே கிள்ளான் பாதைக் கைகாட்டிதான். ஏழு படி வரை கால் சொன்னபடி கேட்டது. எட்டாவது படியில் நின்றுவிட்டது. வலி இல்லை. எலும்பு சேர்ந்துவிட்டது, மனசு சேரவில்லை. துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மேலிருந்து தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். லைன் வீடுகளின் தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. எங்கள் அடுப்படிக் கூரையின் உச்சியில் செவலைக்கோழி நின்று றெக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. என்னோடு கால் உடைந்த ஜீவன்! அது அங்கே நிற்கும்போது எனக்கென்ன என்று ஒரு வீம்பு வந்தது. ஏறினேன், விளக்கை மாட்டினேன், ஏற்றினேன். அதற்குப் பிறகும் கோழியையே பார்த்துக்கொண்டு மேலேயே நின்றேனாம். கீழேயிருந்து மரியதாஸ் கத்தினான்: "அண்ணே, தொரை கையெழுத்துப் போட்டுட்டு போயே போயிட்டாரு. இப்பவாச்சும் எறங்குங்கலா!"

இரண்டு கால்கள்

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலும்பு கூடிய இடத்தில் என் காலில் ஒரு முண்டு உண்டு, உங்களுக்கும் இருக்கும். அதைத் தடவிக்கொண்டே இருப்பது நம் கட்சிக்காரர்களின் பழக்கம். கட்டிலுக்கடியில் வந்த கோழியைப் பிடித்து மடியில் வைத்து, பாசத்தோடு அதன் முண்டையும் தேடினேன். வலது கால் வழவழவென்று இருந்தது. ஒருவேளை இடதோ என்று அதையும் தடவினேன். இரண்டும் பிறந்தபோது இருந்த மாதிரியே இருந்தன.

செல்லம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னாள். முதல் கோழி இரண்டாவது வாரமே செத்துப்போய்விட்டதாம். பாசார் முழுக்கத் தேடி அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்து, நல்ல காலில் கட்டுப் போட்டாளாம். மரியதாஸை மேருவுக்கு அனுப்பி, எத்தனை நாளில் என் கட்டை அவிழ்க்கலாம் என்று தோக் மாட்டிடம் கேட்டுக்கொண்டு, அதே நாளில் கோழியின் கட்டையும் அவிழ்த்தாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீ, மரியதாஸ், தோக் மாட், மூன்று பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்களே என்று கத்தினேன். அப்போதுதான் அவள் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "கோழி செத்துப்போச்சின்னு சொல்லியிருந்தா, நீங்க எந்திரிச்சிருப்பீங்களா?"

இன்றைக்கும் எட்டாவது படியில் கால் வைக்கும்போதெல்லாம், உடையாத காலோடு எனக்காக நொண்டிய அந்தக் கோழியையும் அதற்குக் கட்டுப் போட்டவளையும் நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். ஆனால் விளக்கு ஏற்றுகிறவன் யார் என்று கேட்டால் மட்டும் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.