வடக்கு கோல்

மாமாவின் பந்தய விதி ஒரே வரியில் அடங்கிவிடும்: அப்பா விசில் ஊதும் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு வடக்கு கோலைக் காக்கும் அணியின் மேல் பணம் கட்ட வேண்டும். அந்த விதிக்கான காரணத்தை அவருக்குச் சொன்னவள் நான்தான்.

அப்பா, படாளத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநர். ஞாயிறுகளில் கடப்பாக்கம் கடலோர மைதானத்தில் ஊர் அணிகளின் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருப்பார். அதற்கு ஒரு டீயைத் தவிர எதுவும் வாங்கமாட்டார். அதில் எனக்குப் பெருமை; அம்மாவுக்குச் சற்று எரிச்சல். இடைவேளைக்குப் பிறகு களைத்துப்போய், வெயிலுக்காகச் சவுக்குத் தோப்பின் ஓரமாகவே, கடலைப் பார்த்தபடி ஓடுவார். வடக்கு கோல் அப்போது அவருக்கு இடப்பக்கம் அமையும்.

அம்மாவின் தம்பியான மாமா இதையெல்லாம் கவனித்திருந்தார். டியூஷனிலிருந்து என்னை வண்டியில் அழைத்துவந்த ஒரு மாலையில் கேட்டார்.

"அஞ்சு வாரமா பாத்துகினு கீறேன். வடக்கு கோல்ல இன்னா நடந்தாலும் உங்கப்பா ஊத மாட்றாரு. ஏன்டி?"

அப்பாவின் இடக்கண்ணில் பார்வை போய்விட்டதை அம்மாவும் நானும் மட்டுமே அறிவோம். எனக்கு அது ஒரு விளையாட்டு. அந்தப் பக்கமாகப் போனால் அவர் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துவிடலாம். அதைச் சொன்னேன். மாமா வண்டியை ஓரங்கட்டி, எனக்குப் பாதாம்பால் வாங்கித் தந்தார்.

தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் மாமா ஜெயித்தார். ஜெயித்ததை ஊரெல்லாம் சொல்லவும் செய்தார்.

ஐந்தாவது ஞாயிறு இறுதியாட்டம். எங்கள் படாளம் பையன் ஒருவன் வடக்கு கோலுக்குள் அடித்த பந்தை, அது கோட்டைத் தாண்டிய பிறகு எதிரணிக்காரன் ஒருவன் கையால் வெளியே தள்ளினான். அப்பா ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். படாளம் தோற்றது. மாமா எதிரணியின் மேல் கட்டியிருந்தார்.

கூட்டம் அப்பாவை வளைத்துக்கொண்டது. பந்தை அடித்தவன் தினமும் அப்பாவின் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன்.

"மச்சான் பந்தயம் கட்றான், நீ விசில் ஊதுற. எவ்ளோ வாங்கின அண்ணாத்த?"

"நான் பாக்கலப்பா."

"ஊரே பாத்துச்சு, உனக்குத் தெரியல? கண்ணு இன்னா அவிஞ்சா பூடுச்சு?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"ஆமா, வாங்கினேன். வுடுங்க."

முதல் அறை யாருடையது என்று தெரியவில்லை. சட்டை கிழிந்தது. அப்பா கையைக்கூட உயர்த்தவில்லை. செய்யாத தப்பை அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று புரியாமல் நான் அழுதேன். விசில் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் போகும், கண் விஷயம் வெளியே வந்தால் பஸ்ஸே போய்விடும் என்பதெல்லாம் என் வயதுக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை, வீங்கிய முகத்தோடு அப்பா பஸ்ஸை எடுத்தார். படாளம் கூட்ரோட்டில், பள்ளிக்குக் கிளம்பிய நானும் நின்றிருந்தேன். நாற்பது பேர் ஏறினார்கள். பந்தை அடித்தவனும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஏறி, முன் இருக்கையில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பஸ் நகர்ந்தபோது இடப்பக்கமாக வந்த ஒரு பால்காரர், சட்டென்று வண்டியை மண்ணில் இறக்கித் தப்பித்தார். பஸ் நிற்கவில்லை.

அவன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான். அப்பாவை மன்னித்துவிட்டான், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, நான் நிம்மதியாகப் பள்ளிக்குப் போனேன்.