நடேசன் வாயில் என் பாட்டு

அநியாயம் செய்யப்பட்டவள் நான், பெயர் மரகதம். நான் பாடிய பாட்டையெல்லாம் நடேசன் பாடியதாக எண்ணி ஊரார் கைதட்டினார்கள். எங்கள் நாடக சபையும் அவர்கள் அப்படியே எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இதுதான் வழக்கு. படுதாவுக்குப் பின்னால் நின்று பாடுகிற தொழிலில் மென்று விழுங்குவது நாம், ஏப்பம் விடுவது பக்கத்து இலைக்காரர்.

உங்களிலும் பலருக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். மாமியார் கைமணம் என்று விருந்தாளி புகழ்கிற குழம்பை வைத்த மருமகள், அண்ணன் பரிசு வாங்கிய கட்டுரையை எழுதிக்கொடுத்த தங்கை, மேலதிகாரியின் கையெழுத்துக்காக இங்கிலீஷில் மூளையைக் கசக்குகிற குமாஸ்தா, எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கட்சி பெரியது.

எங்கள் சபையைப் புதுக்கோட்டையில் சமஸ்தான ஆபீஸ் குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சேர்ந்து நடத்தினார்கள். சாயங்காலம் தொடங்கி, சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடுகிற கௌரவமான நாடகங்கள். நோட்டீஸில் நாற்காலி கொடுத்தவர் பெயர் இருக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கு கொடுத்தவர் பெயர் இருக்கும். ராஜாவுக்கு மீசை ஒட்டுகிறவர் பெயர்கூட இருக்கும். கதாநாயகியின் தொண்டையாகிய என் பெயர் மட்டும் இராது. அந்தப் பெயர் அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு தடவை உரக்கக் கேட்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தொண்டையும் மூஞ்சியும்

நடேசன் மராமத்து இலாகாவில் படம் வரைகிற குமாஸ்தா. எங்கள் சபையில் பெண் வேஷமெல்லாம் அவருக்குத்தான். புடைவை கட்டிக் கொண்டை வைத்து ஓரக்கண்ணால் பார்த்தாரென்றால், பெண்கள் பகுதியில் இருப்பவர்கள் தங்கள் தலை சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வாயைத் திறந்தால் மசகு போடாத வண்டிச் சக்கரம். வசனத்தைக் கிசுகிசுத்தே ஒப்பேற்றிவிடுவார். பாட்டைக் கிசுகிசுக்க முடியாதல்லவா? ஆகையால் செகரட்டரி வைரவன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா சபையின் ஆர்மோனியக்காரர். நான் சென்னையில் பி.ஏ. படிக்கிறவள், விடுமுறைக்கு ஊருக்கு வந்து, தெருவே கேட்கப் பாடிக்கொண்டிருந்தேன்.

"மரகதம் படுதாவுக்குப் பின்னால நின்னு பாடட்டும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்றார் மாமா. அம்மா யோசித்தாள். நான் யோசிக்கவில்லை, வாதாடினேன். "மேடையில பாடுறது தப்புன்னா, மேடைக்குப் பின்னால பாடுறதும் தப்பு. பின்னால பாடுறது சரின்னா, முன்னால வந்து பாடுறதும் சரி. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க." கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படிக்கிறேன், அதை எங்கேயாவது செலவழிக்க வேண்டாமா? அப்பா, இதில் தமக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் ஆர்மோனியத்தைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா அரிவாள்மணையை விட்டுத் தலை தூக்காமலே தீர்ப்புச் சொன்னாள்: "தொண்டை வெளிய போனாப் பரவாயில்லடி. மூஞ்சிதான் போகக்கூடாது."

மயிலின் கண்

நந்தவனப் படுதாவில் ஒரு பெரிய மயில் உண்டு. அதன் கண்ணில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் என் ஜன்னல். அதன் வழியே நடேசனின் முதுகுதான் தெரியும். ஆகவே எங்களுக்குள் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். அவர் கையைப் பின்னால் கொண்டுவந்து வளையலைச் சுழற்றினால் நான் பாட்டை எடுக்க வேண்டும். கொண்டையைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

ஒரு நாடகத்தில் ராஜா மகா கோபமாக, "நாட்டின் எல்லையிலே..." என்று ஆரம்பித்தார். ராஜா வேஷம் சதாசிவம் வாத்தியார். அந்தச் சமயம் பார்த்து நடேசன் கையில் கொசு கடித்தது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிந்தார், வளையல் சுழன்றது. நான் தென்றலை அழைக்கிற காதல் பாட்டை எடுத்துவிட்டேன். நடேசன் சாமர்த்தியசாலி. கண்மூடித் திறப்பதற்குள் வாயைத் திறந்து, தென்றலை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். ராஜா வாளோடு காத்திருந்தார். பாட்டு முடிந்தது. "நாட்டின் எல்லையிலே..." என்று மறுபடி தொடங்கினார். கொசு இன்னும் அங்கேயேதான் இருந்தது. மறுபடியும் தென்றல் வந்தது. வாத்தியார் வாளை உறையில் போட்டுவிட்டு, நாடக வசனமா சொந்த வசனமா என்று புரியாத குரலில் கேட்டார்: "ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல விடமாட்டீங்களா? வீட்டுலதான் அப்படின்னா, இங்கயுமா?"

பிள்ளைக்குப் பசி

பாட்டுக்கு என்று சேர்த்தவர்கள் நாளாவட்டத்தில் மற்றத் தொண்டைகளையும் என் தலையில் கட்டினார்கள். கிளி நான், நரி நான், தொட்டில் பிள்ளை நான், வானத்திலிருந்து பேசுகிற அசரீரியும் நான். அசரீரிக்கு மட்டும் தகரத்தில் ஒரு பெரிய குழாய் கொடுத்தார்கள். தெய்வத்துக்குக் கொஞ்சம் கம்பீரம் வேண்டுமே! அசரீரி பேசினால் கொட்டகை முழுவதும் கையெடுத்துக் கும்பிடும். வெற்றிலை மெல்லுகிறவர்கள் மெல்லுவதை நிறுத்துவார்கள். எவரும் குறுக்கே பேசமாட்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் குழந்தை பசியால் அழுகிற காட்சி. நடேசன் துணிச்சுருள் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார். நான் பின்னாலிருந்து அழுதேன். அடுத்த காட்சிக்குப் படுதாவை இறக்க வேண்டிய கயிறு சிக்கிக்கொண்டது. எங்கள் சபையில் அந்தக் கயிறு சிக்காத நாடகம் கிடையாது. "இன்னும் அழு, இன்னும் அழு" என்று மாமா சைகை காட்டினார். மனசாரவே அழுதேன். அப்போது, நாடகம் பார்க்கக் கீரனூரிலிருந்து, கரி எரித்து ஓடுகிற பஸ்ஸில் வந்திருந்த ஓர் அம்மாள் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள். "எங்கிட்டுய்யா புள்ள? தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. அந்த வேசக்காரனுக்கு என்ன தெரியும்? குடுங்க இங்கிட்டு!" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்து, நிறுத்தினால் காட்சி கெட்டுவிடுமே என்று, அவள் முகத்தைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தேன். அவள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தாள். "ஏத்தா, கட்டிக்குடுக்கிற வயசுல உக்காந்து இந்த அழுகை அழுவுறியே, ஒனக்கு என்னத்தா கொறை?"

பக்கோடாப் பொட்டலம்

என் குறை என்ன என்று கேட்ட முதல் மனுஷி அவள்தான். அழுதுகொண்டிருந்தபடியால் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே மறுநாள் வைரவன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். "அடுத்த நோட்டீஸ்ல, பாட்டு மரகதம்னு ஒரு வரி போடுங்க மாமா."

"பொம்பளப்புள்ள பேரைச் செவுத்துல ஒட்டுறதா?"

"திருவிழா நோட்டீஸ்ல அம்மன் பேரை ஒட்டுறீங்களே?"

"அது சாமி."

"அசரீரியும் சாமிதானே? அது யாரு? நான்தானே?"

மாமா மூக்குப்பொடி எடுத்தார். அவர் மூக்குப்பொடி எடுத்தால் வாதத்தில் தோற்றார் என்று அர்த்தம். ஆனால் வழிவிடுவார் என்று அர்த்தமில்லை. "நோட்டீஸ் நாளைக்கே கடையில பக்கோடா மடிக்கப் போயிரும். ஒம் பேரு எண்ணெயில ஊறிக் கெடக்கணுமா?" என்றார். "நடேசன் பேரு ஊறலாமா?" என்று மடக்கினேன். மாமா பொறுமையாக விளக்கினார்: "அவன் ஆம்பளை. அவனுக்கு ஒட்டாது."

வேலைநிறுத்தம்

பேச்சுவார்த்தை முறிந்தால் தொழிலாளிகள் என்ன செய்வார்கள் என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். அந்தத் தடவை ஆவுடையார்கோவிலில் நாடகம். சோகப் பாட்டு முடிந்ததும் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கூரையைப் பிய்த்தார்கள். நான் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நடேசன் வளையலைச் சுழற்றினார். நான் மென்றேன். மறுபடி சுழற்றினார். இன்னொரு முறுக்கு எடுத்தேன். அப்பா ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அப்பா பிறகு சொன்னபடி, நடேசன் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். கையைப் பிசைந்தார், கண் கலங்கினார், அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு மாட்டிக்கொண்டார், பாடியது யார் என்று ஊருக்குத் தெரியப்போகிறது என்று நான் மயிலின் கண்ணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். கொட்டகை விம்மிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாட்டை எவனும் பாடிருவான்யா. துக்கம் அடைச்சு இப்படிப் பாடாம இருக்க நடேசனாலதான் முடியும்!"

அதாவது, நான் பாடாததும் அவர் கணக்கில் போய்விட்டது.

நாடகம் முடிந்ததும் அவரையே பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது உண்மையைச் சொல்லலாமே அண்ணே?" நடேசன் கொண்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல. "சொல்லத்தான் ஆசை மரகதம். ஆனா அதைச் சொல்றதுக்கு நான் வாயைத் தொறக்கணும். என் குரலைக் கேட்டப்புறம் எவன் எனக்குப் பொடவை கட்டிவிடுவான்?"

பதக்கம்

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம். பாட்டு பிடித்துவிட்டால், வசதியுள்ளவர் யாராவது நடுக்காட்சியிலேயே மேடை ஏறிப் பதக்கம் குத்துவார். ராஜா ஓங்கிய வாளை ஓங்கியபடி நிற்க வேண்டும். செத்து விழுந்தவர்கள் எழுந்து, ஓரமாக நின்று மரியாதை செய்துவிட்டுத் திரும்பப் போய்ச் சாக வேண்டும்.

விடுமுறையின் கடைசி நாடகம் புதுக்கோட்டையில். பழி சுமந்த ராணியாக நடேசன். பெண்கள் பகுதியில் முதல் வரிசையில் என் அம்மா. பொன்னமராவதி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மேடை ஏறினார். "இந்தக் குரலைக் கேக்கத்தான் அம்புட்டுத் தூரத்துலேருந்து வாரேன். வெள்ளிப் பதக்கம், இந்தத் தொண்டைக்குன்னே செஞ்சது" என்று சொல்லி நடேசன் மார்பில் குத்தினார். கொட்டகை அதிர்ந்தது. மயிலின் கண்ணில் எனக்குத் தெரிந்தது சிவந்துபோன இரண்டு காதுகளும் ஒரு கையும்தான். அந்தக் கை பின்னால் வந்து, வளையலையும் தொடாமல் கொண்டையையும் தொடாமல் வெறுமனே விரிந்து நின்றது. அந்தச் சைகை எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

ஜவுளிக்கடைக்காரர் இறங்கினார். நாடகம் தொடர்ந்தது. ராஜா ராணியை வெட்ட வாளை ஓங்கினார். அசரீரி பேச வேண்டிய கட்டம். தகரக் குழாயை எடுத்து, "மன்னா, நிறுத்து! இவள் குற்றமற்றவள்!" என்றேன். வசனம் அவ்வளவுதான். கொட்டகையில் அத்தனை கைகளும் குவிந்தன. ஜவுளிக்கடைக்காரரும் கும்பிட்டார், மாமாவும் கும்பிட்டார். நான் பேசும்போது யாரும் குறுக்கிடாத இடம் இந்த உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான். விடுவேனா?

"மன்னா, இன்னும் கேள்! இவள் குற்றமற்றவள், ஆனால் பாடியவள் இவள் அல்லள். பாடியது நான். என் பெயர் மரகதம். உங்கள் ஆர்மோனியக்காரரின் மகள். பி.ஏ. படிக்கிறேன்!"

அப்பாவின் இரண்டு கையும் ஆர்மோனியத்தின்மேல் விழுந்து ஏதோ ஒரு புது ராகம் பிறந்தது. ராஜா பழக்கதோஷத்தில், "உத்தரவு, தாயே" என்றார். மாமா ஓடிப்போய்ப் படுதாக் கயிற்றை இழுத்தார், அது சிக்கிக்கொண்டது. ஜவுளிக்கடைக்காரர் மறுபடி மேடை ஏறி, "இது நெசமா?" என்று நடேசனைக் கேட்டார். நடேசன் பதக்கத்தைக் கழற்றி அவர் கையில் வைத்து, மசகு போடாத அந்தச் சொந்தக் குரலில், கொட்டகை முழுவதும் கேட்க, "நெசந்தாங்க" என்றார். அவர் பேசிய ஒற்றை வார்த்தையில் ஊருக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஜவுளிக்கடைக்காரர் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "எல்லாம் சரி தாயி. ஒடம்பே இல்லாத ஒங்களுக்கு இதை எங்கிட்டுக் குத்துறது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் குழாயில் சொல்ல முடியாது. மாமா "வேணாம் மரகதம், வேணாம்" என்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். அம்மாவின் தீர்ப்பு எனக்கும் நினைவுக்கு வந்தது. தொண்டைக்காக வாயில் போட்டிருந்த கற்கண்டை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, வீட்டில் கட்டுகிற பழம்புடைவையோடு, புழுக்கத்துக்காகச் சணல் கயிற்றால் தூக்கிக் கட்டிய தலையோடு, மயிலைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். கைதட்டல் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் பதக்கத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து மரியாதையாக நீட்டினார். எடுத்துக்கொண்டு நேராகப் பெண்கள் பகுதியைப் பார்த்தேன். மறுப்புக்கு மறுப்பு எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"அம்மா, தொண்டையும் வந்தாச்சு, மூஞ்சியும் வந்தாச்சு. இப்ப என்ன கெட்டுப்போச்சு, சொல்லு!"

கொட்டகை முழுவதும் அம்மாவின் பக்கம் திரும்பியது. அவள் மெல்ல எழுந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். எந்தத் தர்க்க சாஸ்திரப் புத்தகத்திலும் நான் இன்றுவரை மறுப்புக் கண்டுபிடிக்காத பதிலைச் சொன்னாள்:

"போனதுதான் போனே, தலைய வாரிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதாடி?"