அண்ணி வீட்டு விருந்தும் அண்ணிக்கு எதிரான வாதமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் அண்ணியின் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று என் மருமகள் வாதாடினாள். அண்ணியின் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. அண்ணி அவளுக்காக ஆட்டுக்கறி வதக்கிக்கொண்டிருந்தபோது.

அதை வரிக்கு வரி அண்ணிக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

மருமகள் யமுனாவின் கழுத்தில் மஞ்சள் கயிற்றின் நிறம் இன்னும் மங்கவில்லை. சட்டம் படித்துக்கொண்டிருந்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண் பார்க்கப் போனபோது அவள் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை... "நான் மறுபடியும் படிக்கப் போவேன்." என் மகன் குகன் தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுகிறவன்தான். இந்த முறை தெரிந்தேதான் ஆட்டினான் என்று இப்போது நம்புகிறேன்.

கல்லூரியும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, தன் பங்குக்கு ஒரு நிபந்தனையோடு. இந்தப் பருவத்தில் வாய்மொழி வாதத் தேர்வு உண்டு. கற்பனை வழக்கு ஒன்றை நடுவர்கள் முன் வாதாட வேண்டும். தவறவிட்டால் இடம் போய்விடும். மறுபடி சேர்க்கமாட்டார்கள்.

புதுமணத் தம்பதி இருக்கும் வீட்டில் என்ன சத்தம் கேட்கும்? எனக்கு ஒரு கற்பனை இருந்தது. எங்கள் வீட்டில் கேட்பதோ வேறு. காலையில் குகன் வேலைக்குப் போகும் சட்டையை இஸ்திரி போட்டபடி வழக்கின் பெயரை வாசிக்கிறான். யமுனா தோசையைத் திருப்பியபடி தீர்ப்பைச் சொல்கிறாள்.

"தப்பு லா. மறுபடி சொல்லு."

"நீங்க பேர மாத்திப் படிச்சிங்க. அது வேற கேஸு."

இந்த விசாரணையில் கருகும் தோசை குகன் தட்டுக்குப் போகிறது. அவன் மேல்முறையீடு செய்வதில்லை. என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு ஒப்பந்தச் சட்டப் புத்தகத்துக்கும் ஒன்று வைக்கிறாள்.

இதற்கு நடுவே விருந்து. புது ஜோடியை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து இலை போடுவார்கள். ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருத்தர் வீட்டுக்குப் போய் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகாவிட்டால், அடுத்த கருமாதிவரை பேச்சுவார்த்தை இருக்காது. பீடோர் ஊர் விருந்து முடிந்தது. ஆயர் தாவார் முடிந்தது. மிச்சமிருந்தது பாகான் செராய்... என் அண்ணன் வீடு. குடும்பத்தில் மூத்தவர் வீடு.

விருந்துக்கு அண்ணி குறித்த அதே சனிக்கிழமைக்குத்தான் கல்லூரி தேர்வை மாற்றியது.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வழக்கைத் தள்ளிப்போட எத்தனை வழி உண்டோ அத்தனையும் பார்த்தவன். ஆகவே பெருமையோடு ஆலோசனை சொன்னேன்.

"டாக்டர்கிட்ட ஒரு எம்.சி. எடுத்துடும்மா. வயித்து வலின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"வேணாம் மாமா. லாயராகி மத்தவங்க எம்.சி.ய நம்பாம இருக்கணும்னா, என் எம்.சி. உண்மையா இருக்கணும்ல."

சரி, விருந்தைத் தள்ளிவைப்போம் என்று அண்ணிக்குப் போன் போட்டேன்.

"ஆடு சொல்லியாச்சு தம்பி" என்றார் அண்ணி. "ஆட்டுக்கிட்ட நீயே பேசிக்க."

ஆட்டுக்குத் தவணை கிடையாது. நல்லவேளை, தேர்வு இணையம் வழியாகத்தான். எழுதாமல், கணினி முன் உட்கார்ந்து பேசவேண்டிய தேர்வு. யமுனாவே முடிவெடுத்தாள்: "அங்கேருந்தே பேசிக்கிறேன்."

காரில் போகும்போதுதான் என்ன வழக்கு என்று கேட்டேன். ஒரு பெண். கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். அரசாங்கப் பதிவு செய்யவில்லை. கணவன் இறந்ததும் மனைவி என்ற உரிமை கேட்கிறாள். அந்தச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பிடித்துத் தொங்க இடம் உண்டு. யார் எந்தப் பக்கம் என்பதைக் கல்லூரிதான் தீர்மானிக்கும்.

"ஒனக்கு எந்தப் பக்கம்?"

"அந்தம்மா மனைவி இல்லன்னு சொல்ற பக்கம்."

என் அண்ணன் கல்யாணம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பந்தியில் சாம்பார் ஊற்றியவன் நான். பதிவு இன்றுவரை கிடையாது. பதிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லாத பொங்கல் இல்லை. "நான் என்னா ஓடி வந்தவளா, ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட?" என்பார் அண்ணி. அத்தோடு என் சட்ட அறிவு முடிந்துவிடும்.

யமுனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தைப்பிங் தாண்டும்வரை அவள் குறிப்புத் தாள்களைப் புரட்டினாள். பிறகு, "மெதுவாப் பேசிக்கிறேன் மாமா" என்றாள்.

விருந்துக்குப் பட்டுப்புடவை, தேர்வுக்குக் கறுப்புக் கோட்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு அண்ணி வீட்டு முன்னறையில் கணினி முன் உட்கார்ந்தாள். இடுப்புக்கு மேலே நீதிமன்றம், கீழே கல்யாண வீடு. புழுக்கத்துக்காகக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தோம். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். நடுவர் ஒருவர் குறுக்கிட்டார்... காதில் விழவில்லை, உரக்கப் பேசுங்கள்.

உரக்கப் பேசினாள்.

அண்ணி கரண்டியோடு வெளியே வந்தார். அவருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் எட்டாது.

"தாலின்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. என்னா பேசுது இந்தப் புள்ள? சொல்லு தம்பி."

மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தச் சத்தியத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். சொன்னேன்.

"கோயில்ல தாலி கட்டுனா மட்டும் போதாது, பதியணும். பதியலன்னா அவங்க சட்டப்படி பொண்டாட்டி இல்லன்னு சொல்லுது."

அண்ணி கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப நான் இத்தன வருசமா யாரு வீட்டுல சமைச்சுக்கிட்டு இருக்கேன்?"

கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். படிச்ச திமிரு என்றார் ஒருவர். அண்ணி கரண்டியைத் தூக்கினார்.

"வாயை மூடுங்க. அது பரீட்சையில இருக்கு."

நீதிமன்றத்தில் எத்தனையோ நீதிபதிகள் மேசையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் அமைதி வந்து பார்த்ததில்லை.

அப்போதுதான் நடுவர் கேட்டார்: நீங்கள் சொல்வது சரியென்றால், இறந்துபோனவரோடு காலமெல்லாம் வாழ்ந்த இந்தப் பெண் யார்?

யமுனா நிமிர்ந்தாள். பாதி திறந்த கதவுக்கு அப்பால் நின்றது அண்ணி. யமுனாவுக்குத் தெரிந்திருக்கும்... அண்ணி எல்லாம் கேட்டாயிற்று. மழுப்பினால் மதிப்பெண் போகும். மழுப்பாவிட்டால்? குகன் தலையாட்டக்கூட மறந்து நின்றான்.

"ஊருக்கும் அவர் குடும்பத்துக்கும் அந்த அம்மா மனைவிதான்" என்றாள் ஆங்கிலத்தில். குரல் நடுங்கியது, வாக்கியம் நடுங்கவில்லை. "சட்டத்துக்கு இல்லை. அது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. இந்த நீதிமன்றத்துக்கு இல்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். பணியில் இருந்த காலத்தில் பெரிய பெரிய வழக்கறிஞர்களின் வாதத்தை எல்லாம் வாயில் வாங்கிச் சொன்னவன். எதிரே நிற்பவரைத் தோற்கடித்துக்கொண்டே அவர் மரியாதையைக் காப்பாற்றிய வாதம் எனக்கு நினைவில்லை.

முடிந்து வெளியே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"மன்னிச்சுருங்க பெரியத்தை."

"நீ சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்னாத்துக்கு மன்னிப்பு? ஒக்காரு. பசியோட வாதாடிட்டு நிக்கிற."

அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் போல, "அப்ப நான் இன்னும் பேச்சலரு" என்றார்.

"கறி வேணுமா, வேணாமா?" என்றார் அண்ணி. அண்ணன் உடனே குடும்பஸ்தர் ஆனார்.

இலையில் இரண்டாவது தடவை கறி வைக்கும்போது அண்ணி அவள் காதருகே குனிந்தார். "பதியிறதுக்கு எங்க போவணும்? நீ கூட வா. உன் மாமா வேணாம், அவரு வெளக்கம் சொல்லியே சாவடிப்பாரு."

இத்தனை பொங்கலாக நான் கரடியாய்க் கத்தியும் அசையாதவர். எதிர்த்து வாதாடியவள் பின்னால் போகிறார். பதிவு நடைமுறையில் ஒரு படிவம் விடாமல் எனக்குத் தெரியும். ஒரு மனுஷியிடம் உண்மையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது போலிருக்கிறது.

இந்த வாரம் முடிவு வந்தது. யமுனா தேறிவிட்டாள், அவள் இடம் அவளுக்கே. அவள் தன் அம்மாவுக்குச் சொல்வதற்குள் பாகான் செராயிலிருந்து போன்.

"பாஸா?"

"பாஸ் பெரியத்தை."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"நல்லவேளை. என்னையே எதுத்துப் பேசிட்டு நீ பெயிலாயிருந்தா, எனக்குல்ல கேவலம்."