சின்னம்மா என்று எழுதிக் கொடுத்தது

அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம் நானும் அம்மாவும் வேலூருக்குப் போனோம். அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் நின்றுவிட்டது. இனி அது அம்மா பேருக்கு மாற வேண்டும். கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பட்டாளத்துக்காரர்கள் உண்டு. அவர்கள் போன பிறகு பெண்டாட்டிகள் ஒரு மனு கொடுப்பார்கள், கொஞ்ச நாளில் பணம் வந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, ஒரே நாளில் முடித்துவிட்டு வருகிறேன் என்று ஷூ கம்பெனி சூப்பர்வைசரிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் இருந்த கிளார்க்கும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அப்பாவின் பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அம்மாவின் ஆதாரைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

“இதுல மனைவின்னு வேற ஒருத்தங்க பேரு இருக்குதேம்மா. இவங்க யாரு?”

“எங்க அக்கா” என்றாள் அம்மா. தலையை நிமிர்த்தவில்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்பா முதலில் கட்டியது அம்மாவின் அக்காவை. என்னைப் பெற்ற பத்தாம் நாள் அவள் காய்ச்சலில் போய்விட்டாள், வீட்டிலேயே. அப்பா லீவில் வந்திருந்த நேரம். குழந்தையை யார் பார்ப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, லீவு முடிவதற்குள் தங்கச்சியின் கழுத்தில் தாலி கட்டவைத்தார்கள். மேளம் கிடையாது, பத்திரிகை கிடையாது. அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளிடம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இறந்ததை யாரும் பதியவில்லை. அப்பாவும் தன் யூனிட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு லீவிலும் அம்மா ஞாபகப்படுத்துவாளாம், அவரும் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்பாராம். ஒருமுறை மட்டும், “வூட்லதான் அவ இல்ல. அந்தக் காயிதத்துலயாவது இருந்துட்டுப் போவட்டும்” என்றாராம். அதற்குப் பிறகு அம்மா கேட்கவே இல்லை. அப்பாவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவள் மேல் அவ்வளவு ஆசை வைத்த மனுஷன், உயிரோடு இருந்து சோறு ஆக்கிப் போட்டவளை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

அம்மாவுக்கு அந்தப் பென்ஷனை விட்டால் வேறு வழியில்லை. இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன, கழனி வேலைக்குப் போக முடியாது. மாதனூரில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “மருமவன் வூட்ல வந்து ஒக்காந்து துன்ன மாட்டேன். எங்க வூட்லதான் நான் சாவணும்” என்பாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் வந்திருக்கிறது.

அலுவலகத்துக்கு வெளியே மனு டைப் அடிக்கும் ஆள் ஒருவர் சுலப வழி சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான், பேர்தான் இரண்டு என்று தாசில்தாரிடம் ஒரு சான்று வாங்கிவிட்டால் போதுமாம்.

“ஊர்ல நாலு பேரு கையெழுத்துப் போட மாட்டாங்களா? அக்கா பேரு தங்கச்சி பேரு எல்லாம் ஒண்ணுதான் மேடம். எதுக்கு பேஜார் புடிச்ச வேல?”

எனக்கு அது சரியென்றே பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அம்மாதான் சட்டென்று எழுந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பேர். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என்னைப் பெற்றவள்தான். ஒவ்வொரு தை மாதமும் அம்மா புதுச் சேலை எடுத்து, மஞ்சள் வைத்து, பூ சார்த்தி, அக்காவுக்குப் படைப்பாள். படைத்த சேலையை என்னிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வாள்.

“வருசா வருசம் அவளுக்குப் படையல் போட்டுட்டு, இங்க வந்து அவ சாவல, நாந்தான் அவன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளக்கேத்துவேன்?” என்றாள், டைப் அடிப்பவரிடம் அல்ல, என்னிடம்.

ஆக, நேர்வழிதான். முதல் மனைவி இறந்துவிட்டாள் என்று நிரூபித்து, பழைய இறப்பைப் பதியக் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழ். அதன் பிறகுதான் ராணுவத்துக்குக் காகிதம் போகும். ஆறு மாதம் அலைந்தோம். மருத்துவமனைச் சீட்டு இருக்கிறதா என்றார்கள். வீட்டில் செத்தவளுக்கு ஏது சீட்டு? வருஷா வருஷம் படையல் போடுகிறோமே, அது சாட்சி ஆகாதா என்று ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

கடைசியில் விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி கூப்பிட்டார். என் பள்ளிச் சான்றிதழையும் அப்பாவின் ராணுவக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ராணுவத்தில் நான் மூத்தவளின் மகள். பள்ளிக்கூடத்தில் இவளின் மகள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அம்மா பேரைக் கேட்டார்களாம், இவள் யோசிக்காமல் தன் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

“ரெண்டுல எது சரி?” என்றார் அதிகாரி. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத வெச்சுதான் எழுதணும். இவங்க உங்களப் பெத்தவங்களா?”

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முழங்கை படுகிற தூரம்.

“இல்லீங்க மேடம்.”

“அப்ப உங்களுக்கு இன்னா உறவு?”

“சின்னம்மா.”

முப்பத்தாறு வயது வரை அந்த வார்த்தையால் அவளை நான் கூப்பிட்டதில்லை. சண்டையில்கூட, மனசு நோகட்டும் என்று தேடித் தேடிப் பேசிய நாட்களில்கூட, அது என் வாயில் வந்ததில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கினார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன், அம்மா வேண்டாம் என்றாள். கால் வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். அதற்குப் பிறகு கம்பெனியில் இரண்டு நாள் ஷூ செக் பண்ணுகிற இடத்தில் நின்றுகொண்டு எத்தனை ரிஜெக்‌ஷனை நல்ல ஜோடிகளோடு போகவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

வாரிசுச் சான்றிதழ் வந்தது. அம்மா பேருக்கு எதிரே இரண்டாவது மனைவி. என் பேருக்கு எதிரே முதல் மனைவியின் மகள். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் மறைக்க நினைத்தேன், அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் போனாள். என் வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பென்ஷன் வந்தது. பேங்கில் அவள் கணக்குக்கு ஒரு நாமினி போட வேண்டும் என்றார்கள். படிவத்தை நான்தான் நிரப்பினேன். என் பேர், வயது, விலாசம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் உறவு என்று இருந்தது. தெரிந்துதான் கேட்டேன், அவள் வாயால் வரட்டும் என்று.

“உறவுன்னு போட்டுருக்குதும்மா. இன்னா எழுதட்டும்?”

அவள் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னியக் கேட்டா? ஆபீசுல சொல்லிக் கையெழுத்துப் போட்டியே, அதையே எழுது” என்றாள்.